மூச்சு வாங்காத தூரம்

மும்பைத் தமிழர்களில் முதல் சைக்கிள் பயணி இட்லிக்காரர்தான். தாராவியில் விடிவதற்கு முன்பே இட்லி வெந்து, அலுமினியப் பாத்திரம் கேரியரில் ஏறி, சட்னித் தூக்கு ஹேண்டில்பாரில் தொங்க, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவார். நகரம் பல் விளக்கும் நேரத்தில் அவர் பாதி ஊரைச் சுற்றி முடித்திருப்பார். அவரிடம் போய், "ஞாயிற்றுக்கிழமை சும்மா சைக்கிள் மிதிக்க ஊருக்கு வெளியே போகிறோம், வருகிறீர்களா?" என்று கேட்டால் சிரிப்பார். சிரிக்க அவருக்கு எல்லா நியாயமும் உண்டு.

ஆனாலும் அப்படிச் சும்மா மிதிக்கிற கூட்டம் இந்த நகரத்தில் வளர்ந்துவிட்டது. ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு முலுண்ட் செக் நாக்கா பக்கம் நின்று பாருங்கள். தலையில் ஹெல்மெட், சீட்டுக்குப் பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு, முதுகோடு ஒட்டிய பனியன் என்று இரண்டிரண்டு பேராக வந்து சேர்வார்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு. செம்பூரிலிருந்து வந்த ஐ.டி. பையன், முலுண்ட் கிழக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர், மாட்டுங்காவில் வளர்ந்து கல்யாணத்துக்குப் பிறகு தானே பக்கம் போய்விட்ட ஆசிரியை. முக்கால்வாசிப் பேர் யேவூர் மலைக்குப் போகிறார்கள். மீதிப் பேர் காட்பந்தர் சாலையிலோ நாசிக் நெடுஞ்சாலையிலோ லாரிகளோடு மல்லுக்கட்டப் போகிறார்கள். கைக்கடிகாரம் இதயத் துடிப்பை எண்ணுகிறது, போன் ஏற்றத்தை அளக்கிறது. 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று நேரக்கெடு வைத்து முடிக்கும் நெடுந்தூர ஓட்டங்களுக்குப் பயிற்சி எடுப்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

பம்பாய்க்கு அந்தச் சாகச மரபு புதிதல்ல. 1923 அக்டோபர் 15 அன்று பம்பாய் பளுதூக்கும் கிளப்பைச் சேர்ந்த ஆறு பார்சி இளைஞர்கள் உலகத்தைச் சுற்றச் சைக்கிளில் கிளம்பினார்கள். பாரசீகம், இராக், சிரியா, ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா என்று சுற்றி, 1928 மார்ச்சில் ஊர் திரும்பியவர்கள் மூன்று பேர்: அடி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா. ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர். கியர் இல்லை, நல்ல சாலை இல்லை, பாலைவனத்தில் தண்ணீரும் இல்லை. அவர்களைக் கும்பிடலாம். அவர்களைப் போல ஆக வேண்டும் என்று நினைக்கும்போதுதான், நம் வீடுகளில் சைக்கிள் வாங்கிய மூன்றாம் மாதம் அது பால்கனியில் துணி காயவைக்கும் கொடியாகிவிடுகிறது.

ஆகவே இந்தக் கட்டுரை வேறு ஒரு கட்சியின் சார்பில் பேசுகிறது. மேடு வேண்டாம். நெடுஞ்சாலை வேண்டாம். மணிக்குப் பதினான்கு கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். வயல், தோப்பு, சின்னக் கோயில், டீக்கடை என்று நின்று நின்று போகும் சமதரைப் பயணம் போதும். அந்த மாதிரி நாட்டுப்புறம் மும்பைக்கு மிக அருகில் இருக்கிறது. அதுவரை சைக்கிளோடு போய்ச் சேரும் வழியைத்தான் நகரம் அடைத்து வைத்திருக்கிறது. இரண்டையும் முலுண்டில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

விளிம்பு ஊர்

முலுண்ட் மும்பை மாநகராட்சியின் வடகிழக்கு எல்லை. செக் நாக்காவைத் தாண்டினால் தானே. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தானேவுக்குப் போன இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த மண்ணைக் கடந்துதான் போனது. 1922-ல் கிரவுன் அண்ட் கார்ட்டர் என்ற கட்டடக் கலைஞர்கள் ஸ்டேஷனிலிருந்து பாஞ்ச் ரஸ்தா வரை சதுரங்கக் கட்டம்போலத் தெருக்களை வகுத்துக் கொடுத்தார்கள். அதனால் முலுண்ட் மேற்கின் பழைய தெருக்களில் இன்றைக்கும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம். மூலை நேராக இருக்கிறது, எதிரே வருகிறவர் தெரிகிறார்.

மேற்கே போகப்போக தரை ஏறும், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மலை நிற்கும். கிழக்கே தரை இறங்கிப் போய் உப்பளத்திலும் சதுப்புக்காட்டிலும் கலந்துவிடும். அதற்கு அப்பால் தானே கழிமுகம். 2015-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறிய நீர்நிலை அது. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். 1999-ல் திறந்த ஐரோலி பாலத்தின் மேல் விடியற்காலையில் சைக்கிளை ஓரங்கட்டினால், கீழே வற்றிய சேற்றில் இளஞ்சிவப்பாகக் கோடு தெரியும். பாலத்துக்கு அந்தப்பக்கம் ஐரோலியில் வனத்துறையின் கடலோர பல்லுயிர் மையம் இருக்கிறது. சைக்கிளை இப்போதுதான் தூசி தட்டி எடுத்தவர்களுக்கு முதல் ஞாயிறுக்கு இது போதும். போக வர அரைநாள்கூட ஆகாது.

வடக்கே காட்பந்தர் சாலை வழியாக வசைக்குப் போகலாம். வசை அருமையான சமவெளி. வாழைத் தோட்டங்கள், கிறிஸ்தவ கிராமங்கள், 1739-ல் மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த கோட்டை. 2024 பிப்ரவரியில் பயந்தரிலிருந்து வசைக்கு வண்டிகளை ஏற்றும் படகும் வந்துவிட்டது. ஆனால் முலுண்டிலிருந்து பயந்தர் போய்ச் சேரும்வரை காட்பந்தர் சாலையில் டிரெய்லர் லாரிகளின் மூச்சு நம் பிடரியில் படும். அனுபவித்தவர்கள் இரண்டாம் முறை டெம்போவில் சைக்கிளை ஏற்றிப் போகிறார்கள். பிவண்டிப் பக்கம் பேசவே வேண்டாம், வயலெல்லாம் கிடங்காகிவிட்டது.

எஞ்சியிருப்பது விசித்திரமான வழி. நாட்டுப்புறத்தைத் தேடி நகரத்துக்கு உள்ளே போக வேண்டும்.

தாராவி தாண்டி, மாட்டுங்காவில் காபி

முலுண்டிலிருந்து தெற்கே எல்.பி.எஸ். மார்க். பழைய ஆக்ரா ரோடு இதுதான். மெட்ரோத் தூண்களின் அடியில் பாண்டுப், காட்கோபர், குர்லா தாண்டினால் சயான். வலக்கைப் பக்கம் தாராவி. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் இந்தச் சாலையில் பேருந்துகளும் பால் வண்டிகளும்தான் இருக்கும். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் நான் பொறுப்பில்லை. சயானிலிருந்து கிங்ஸ் சர்க்கிள். மாட்டுங்காவில் நிற்காமல் போனால் அது பாவம். கஃபே மெட்ராஸ் வாசலிலோ ராம் ஆஸ்ரயா வாசலிலோ சைக்கிளைச் சாய்த்துவைத்து, ஒரு தட்டு இட்லியும் பில்டர் காபியும் முடித்துக்கொண்டு, பரேல், ரே ரோடு வழியாகப் பாவுச்சா தக்கா. மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். அங்கேதான் அலிபாக் பக்கம் மாண்ட்வாவுக்குப் போகும் கப்பல்.

மும்பை கடந்த பத்து பன்னிரண்டு ஆண்டுகளில் கடலுக்கு மேலும் நகரத்துக்கு மேலும் பாலம் பாலமாகக் கட்டித் தள்ளியிருக்கிறது. ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது 21.8 கிலோமீட்டர் நீளம். நவிமும்பையையும் ராய்கட் மாவட்டத்தையும் இருபது நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிட்டது என்று பெருமை. அதிலும் சைக்கிளுக்கு இடமில்லை. புறநகர் ரயிலில் சைக்கிளோடு ஏறும் யோசனையை முலுண்ட் ஸ்டேஷனின் வழக்கமான கூட்டத்தைப் பார்த்தவர் யாரும் சொல்லமாட்டார். 2022-ல் மேற்குப் புறநகரின் மெட்ரோ 2ஏ, 7 தடங்களில் சைக்கிளை அனுமதித்தார்கள். நல்ல காரியம், ஆனால் அந்தத் தடங்கள் நம் பக்கம் வருவதில்லை. கடைசியில் சைக்கிள்காரனை மரியாதையாகக் கடல் தாண்டி இறக்கிவிடுவது 2020 மார்ச்சில் ஓடத் தொடங்கிய மாண்ட்வா ரோ-ரோ கப்பல் ஒன்றுதான். கார்களோடு சைக்கிளும் உருண்டு ஏறும். ஒரு மணி நேரம். பின்னால் துரத்தி வரும் கடற்காகங்களுக்கு யாராவது சிப்ஸ் வீசிக்கொண்டே வருவார்கள்.

உப்பை விரட்டிய நிலம்

மாண்ட்வாவில் இறங்கியதும் முதல் இரண்டு கிலோமீட்டர் பொறுமை வேண்டும். கப்பலிலிருந்து இறங்கிய கார்கள் எல்லாம், வார இறுதி பங்களாக்களை நோக்கி, நம்மை உரசிக்கொண்டு பறக்கும். அவை போய்த் தீரட்டும் என்று ஓரமாக நின்று ஒரு வடாபாவ் சாப்பிடுங்கள். அடுத்த கப்பல் வரும்வரை சாலை உங்களுடையது.

பெரிய சாலையில் அலிபாக் சுமார் 20 கிலோமீட்டர். அதை விட்டு இடதும் வலதுமாகக் கிராமத்துச் சாலைகளில் போவதே உத்தமம். சாஸவனேயில் சிற்பி வி.பி. கர்மார்க்கரின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1928-ல் புனேயில் நிறுவிய குதிரைமேல் சிவாஜி சிலையை வார்த்தவர் அவர். தோட்டத்தில் எருமை படுத்திருக்கிறது. கிட்டே போனால் அது சிலை. அடுத்து ஆவாஸ், அப்புறம் கிஹிம். கிஹிமில் 1930 வாக்கில் வேலை போய் வந்து தங்கியிருந்த சலீம் அலி, வீட்டருகே தூக்கணாங்குருவிகளைத் தினமும் உட்கார்ந்து கவனித்தார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண் வந்து சோதித்துப் பார்த்துச் சம்மதித்தால்தான் மீதியைக் கட்டும். அதைக் குடிவைத்த கையோடு அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணுக்குக் காத்திருக்கும். இந்தியப் பறவையியலில் அவர் பெயரை நிறுத்திய கண்டுபிடிப்புகளில் அது ஒன்று. வேலை இல்லாதவன் சும்மா உட்கார்ந்து பார்த்ததில் வந்தது என்பதை வீட்டில் நம்மைத் திட்டுகிறவர்களுக்குச் சொல்லலாம்.

தள் கிராமத்துக் கடற்கரையிலிருந்து பார்த்தால் காந்தேரி, உந்தேரி என்று இரண்டு தீவுக் கோட்டைகள். காந்தேரி 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை ஒரே தொகுப்பாக ஏற்றினார்கள்; பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி.

அலிபாக் வந்தால் கடற்கரையில் குதிரை வண்டியும் கூட்டமும். எனக்கு அந்த ஊரில் பிடித்தது வேறு: காந்தப்புல ஆய்வகம். பூமியின் காந்தப்புலத்தைக் கொலாபாவில் 1840-களிலிருந்து அளந்துகொண்டிருந்தார்கள். பம்பாயில் குதிரை டிராம்களை மின்சார டிராம்களாக மாற்ற முடிவானதும், மின்சாரம் அளவீட்டைக் கெடுத்துவிடும் என்று 1904-ல் கருவிகளை அலிபாக்குக்குக் கொண்டுவந்தார்கள். காந்தம் இழுக்காத பொருள்களைக்கொண்டே கட்டடம் எழுப்பினார்கள். நகரத்துச் சத்தத்திலிருந்து தப்பி அலிபாக்குக்கு வந்த முதல் ஆள் ஒரு காந்த ஊசி! இரும்புச் சைக்கிளைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்துவது நாகரிகம்.

அலிபாக்கைத் தாண்டியதும்தான் பயணம் சூடு பிடிக்கிறது, அதாவது குளிர்கிறது. அக்‌ஷி, நாகாவ், சௌல், ரேவ்தண்டா: சுமார் 17 கிலோமீட்டர், தென்னையும் பாக்கும் மாறி மாறி நிழல் போடும் தோப்புச் சாலை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு, ஒரு வாழைக்கொல்லை, ஒரு நாய். அக்‌ஷியில் சாலையோரம் கிடைத்த கல்வெட்டு 1012-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மராத்தியின் மிகப் பழைய கல்வெட்டு என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். சௌல் பழங்காலத் துறைமுகம். தாலமி குறித்துவைத்த ஊர், 15ஆம் நூற்றாண்டில் ரஷ்ய வணிகர் அஃபனாசி நிகிதின் குதிரையோடு வந்திறங்கிய ஊர். இன்றைக்கு அங்கே பாக்கு காய்கிறது. ரேவ்தண்டாவில் சாலையே போர்த்துக்கீசியக் கோட்டைச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. குண்டலிகா ஆற்றின் அந்தக் கரையில் கொர்லை. போர்த்துக்கீசியர் போய் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும், போர்த்துக்கீசியமும் மராத்தியும் கலந்த ஒரு மொழியைச் சில நூறு பேர் அந்தக் கிராமத்தில் வீட்டில் பேசுகிறார்கள்.

இதெல்லாம் கடலோரம். என்னைக் கேட்டால் அசல் சமவெளி அலிபாக்குக்குக் கிழக்கே, பொய்னாட் பக்கம், தர்மத்தர் கழிமுகத்தை ஒட்டிய வயல்காட்டில் இருக்கிறது. வழிகாட்டி நூல்கள் கண்டுகொள்ளாத இடம். அங்கே கடலும் இல்லை, கோட்டையும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரப்பு, தூரத்தில் மலைத்தொடர், நடுவே ஒற்றைத் தார்ச்சாலை.

அந்தத் தரை ஏன் அவ்வளவு தட்டையாக இருக்கிறது? அது மனிதர்கள் செய்த தரை. கழிமுகத்துச் சேற்றில் மண் அணை கட்டி, உப்புத் தண்ணீரை வெளியே தள்ளி, மழைத் தண்ணீர் உப்பைக் கழுவிப்போகும்வரை வருடக்கணக்காகக் காத்திருந்து, தலைமுறைகள் உழைத்து வயலாக்கிய உவர்நிலம். அணையில் ஒரு நண்டு வளை பெரிதானால் போதும், பௌர்ணமி வெள்ளம் உள்ளே வந்து அந்த வருட நெல் போய்விடும். அணையைக் கட்டியதும் காத்ததும் விவசாயிகள். விளைச்சலில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது 'கோத்' எனப்பட்ட நிலப்பிரபுக்கள். 1933 அக்டோபரில் சர்ரி என்ற கிராமத்தைச் சுற்றிய விவசாயிகள், நாராயண் நாகு பாட்டீல் தலைமையில், இனி நிலத்தில் இறங்குவதில்லை என்று கலப்பையைக் கீழே வைத்தார்கள். ஒரு வருடம் அல்ல, 1939 வரை. விறகு வெட்டி விற்றார்கள், கழிமுகத்தில் நண்டும் மீனும் பிடித்தார்கள், பட்டினி கிடந்தார்கள், வயலில் இறங்கவில்லை. டாக்டர் அம்பேத்கர் அவர்களுக்குத் துணை நின்றார். 1937-ல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கோத்தி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். முறை முற்றாக ஒழிய 1949-ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. தஞ்சாவூர்க் கூலிப் போராட்டங்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த வயல்காடு அந்நியமாகத் தோன்றாது. காரில் போனால் இதை வெறும் வயல் என்று கடந்துவிடுவோம். சைக்கிளில் அணை மேல் ஏறி நின்றால், ஒரு பக்கம் உப்புநீர், மறுபக்கம் நெல் தாள், இரண்டுக்கும் உயர வித்தியாசம் கண்ணெதிரே தெரியும்.

நெல் அறுத்த ஈரத்தில் மொச்சை விதைக்கிறார்கள். மார்கழி, தை மாதங்களில் மாலை நேரத்தில் வயலோரம் புகை எழுந்தால் நிறுத்துங்கள்: மொச்சைக்காயையும் முட்டையையும் மண்பானையில் போட்டு, வாசனைத் தழையால் வாயை அடைத்து, கவிழ்த்து வைத்துச் சுற்றித் தீ மூட்டுகிற 'போப்டி' அது. கூப்பிட்டால் மறுக்காதீர்கள். குளிர் முடிகிற சமயம் அலிபாக் வெள்ளை வெங்காயம் சரம் சரமாகப் பின்னிச் சாலையோரம் தொங்கும். புவிசார் குறியீடு பெற்றது, காரமே இல்லாதது. ஹேண்டில்பாரில் ஒரு சரத்தை மாட்டிக்கொண்டு கப்பல் ஏறுகிற சைக்கிள்காரர்களை நிறையப் பார்க்கலாம். சாகசம் செய்து திரும்புகிறவர்களிடம் இந்த வசதி கிடையாது.

எந்தச் சைக்கிள், எந்தக் காற்று

சைக்கிள் கடைக்குப் போனால் இருபத்தோரு கியர், கார்பன் ஃபோர்க் என்று அடுக்குவார்கள். இந்தப் பாதைக்கு அதில் எதுவும் தேவையில்லை. அப்பா ஓட்டிய டபுள்பார் வண்டியின் கணக்கைப் பாருங்கள். முன் பல்சக்கரத்தில் 44 பல், பின் பல்சக்கரத்தில் 18 பல் என்றால், ஒரு முழு மிதிக்கு வண்டி ஐந்தேகால் மீட்டருக்கு மேல் போகும். நிமிடத்துக்கு 45 மிதி, கோயில் பிராகாரத்தில் நடக்கிற நிதானம்தான், அதற்கே மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் சொச்சம் வந்துவிடும். இந்த வேகத்தில் பேசிக்கொண்டே போகலாம். ஆனால் நூறு அடிக்கு ஓர் அடி என்ற, கண்ணுக்கே தெரியாத ஏற்றம் வந்தால், அதே வேகத்துக்கு உழைப்பு முக்கால் பங்கு கூடிவிடும். யேவூர் மலையின் செங்குத்தில் நாற்பது வயதுக்காரர்கள் இறங்கித் தள்ளுவதற்கு மனவுறுதிக் குறைவு காரணமல்ல, பௌதிகம்.

சமதரை எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று எல்லாரும் மிதித்தார்கள். புடவையில், ஆண்கள் சைக்கிளில், குரங்குப் பெடலிலிருந்து தொடங்கியவர்களும் உண்டு. அந்த மாவட்டத்தின் சாலைகள் பெரும்பாலும் தட்டை என்பதற்கும் இதில் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். மும்பையில் நம் அம்மாக்களையும் மாமியார்களையும் சைக்கிளில் ஏற்ற நினைத்தால் முதலில் மேட்டை ஒழித்தாக வேண்டும்.

சமவெளியில் மேடு இல்லை, ஆனால் காற்று உண்டு. கொங்கணக் கரையில் குளிர்காலத்தில் முற்பகல் முடியும் சமயம் கடலிலிருந்து வடமேற்குக் காற்று கிளம்பும். மாண்ட்வாவிலிருந்து தெற்கே போகும்போது முதுகில் தட்டிக்கொடுக்கும். அதை நம்பி ரேவ்தண்டா வரை பறந்துவிட்டு மதியம் மூன்று மணிக்குத் திரும்பினால் மார்பில் கைவைத்துத் தள்ளும், கப்பல் போய்விடும். நாகாவிலோ ரேவ்தண்டாவிலோ ஓர் இரவு தங்கி, விடியலில் காற்று உறங்கும்போது திரும்புவதே புத்திசாலித்தனம். வீட்டோடு சேர்ந்த தங்கும் அறைகள் அந்தப் பக்கம் ஏராளம். சுர்மாய் வறுவலோடு சாப்பாடும் கிடைக்கும், சைவர்களுக்கு மொச்சைக் குழம்பு. திரும்பி வந்ததும் செயினை நன்னீரில் கழுவி எண்ணெய் போட மறக்கக்கூடாது. கடல்காற்று ஒரே வாரத்தில் துரு ஏற்றிவிடும்.

குழாய் ஓரத்துக் கதை

இனி புகார்ப் பெட்டி. முலுண்டிலிருந்து பாவுச்சா தக்கா வரையிலான அந்த 30 கிலோமீட்டரில் பெரும்பகுதியைச் சாலையில் பயந்து பயந்து கடக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. தான்சா ஏரியிலிருந்து 1892 முதல் இந்த நகரத்துக்குத் தண்ணீர் வருகிறது. ராட்சதக் குழாய்கள் முலுண்ட் வழியாக நுழைந்து தெற்கே சயான், தாராவி வரை போகின்றன. குழாயின் இருபுறமும் பத்து மீட்டரைக் காலி செய்ய வேண்டும் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பல ஆயிரம் குடிசைகள் இடிந்தன, அந்த வலியைத் தாராவிக்காரர்களிடம் கேட்க வேண்டும். காலியான இடம் மீண்டும் நிரம்பாமல் இருக்க, 2017-18 வாக்கில் மாநகராட்சி ஒரு திட்டம் சொன்னது: முலுண்டிலிருந்து தாராவி வரை குழாயோரமாக 39 கிலோமீட்டர் சைக்கிள் பாதை, நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் இடம். தண்ணீர் குழாய் மேடு பள்ளம் பார்த்துத்தான் போகும் என்பதால் பாதையும் பெரும்பாலும் சமமாக இருந்திருக்கும். சிக்னல் குறைவு, லாரி இல்லை. இந்தியாவிலேயே நீளமான நகரச் சைக்கிள் பாதைகளில் ஒன்றாக ஆகியிருக்க வேண்டியது. அங்கங்கே துண்டு துண்டாக வேலை நடந்தது. முழுப் பாதை கைக்கு வரவில்லை. அதற்கு முன் பாந்த்ரா குர்லா வளாகத்தில் போட்ட சைக்கிள் தடம் கார் நிறுத்துமிடமாக மாறிய கதையும் இந்த ஊருக்குத் தெரியும்.

இது பொழுதுபோக்குக்காரர்களின் புலம்பல் மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. தாராவி மறுசீரமைப்பில் அங்கேயே வீடு பெறத் தகுதியில்லாதவர் என்று முடிவு செய்யப்படுபவர்களைக் குடியமர்த்த, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பள நிலங்களில் சுமார் 256 ஏக்கரை ஒதுக்க 2024-ல் மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. முலுண்டில் எதிர்ப்பு இருக்கிறது, தாராவியிலும் இருக்கிறது. அந்தச் சர்ச்சை எப்படி வேண்டுமானாலும் முடியட்டும். முலுண்டுக்கு மாற்றப்படும் ஓர் இட்லிக்காரரின் வாடிக்கையாளர்கள் சயானிலும் மாட்டுங்காவிலும்தான் இருப்பார்கள். தோல் பட்டறையும் குயவர் சூளையும் தாராவியில்தான் இருக்கும். முலுண்டையும் தாராவியையும் இணைக்கும் அந்த 39 கிலோமீட்டர் அவருக்குப் பிழைப்பு, நமக்கு ஞாயிற்றுக்கிழமை. நகரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பாதை பயன்படுவது அபூர்வம்.

கடலுக்கு அந்தப் பக்கமும் அவசரம் இருக்கிறது. ரேவஸ்–ரெட்டி கடற்கரை நெடுஞ்சாலை வருகிறது, கரஞ்சாவிலிருந்து ரேவஸுக்குக் கழிமுகத்தின் மேல் பாலம் வருகிறது. வந்த பிறகு அலிபாக்குக்குக் கப்பல் ஏற வேண்டிய தேவை பலருக்கு இருக்காது. கார்கள் நேரே வந்துவிடும். நெடுஞ்சாலையை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, அந்த ஊர்க்காரருக்கும் ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக வேண்டியிருக்கிறது. ஆனால் கார்கள் நெடுஞ்சாலைக்குப் போகும்போது பழைய கிராமச் சாலைகளைச் சைக்கிளுக்கும் நடைக்கும் என்று இப்போதே குறித்துவைக்கலாம். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய பிறகு, ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் ஒரு யோசனை சொன்னார். சுரங்கத்தில் சந்திப்புகளுக்கு எண் போடுவதுபோல வயல்காட்டுச் சாலைகளின் சந்திப்புகளுக்கும் எண் போட்டு, அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி காட்டுவது. 1995-ல் தொடங்கினார்கள். பயணி நாலைந்து எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினால் போதும். பக்கத்து நெதர்லாந்தும் அதை எடுத்துக்கொண்டு நாடு முழுக்கப் பரப்பிவிட்டது. இதற்குப் பாலமோ சிமெண்டோ வேண்டாம். மாண்ட்வாவிலிருந்து ரேவ்தண்டா வரை, பொய்னாட் வயல்வெளி உட்பட, சில டஜன் கம்பமும் பலகையும் போதும். ராய்கட் ஜில்லா பரிஷத் மனது வைத்தால் ஒரு குளிர்காலத்துக்குள் முடிகிற வேலை.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். புதுத் திட்டம் எதுவும் வேண்டாம், குழாயோரப் பாதையின் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கொடுங்கள். ரயில்வேக்கு ஒன்று: ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன் மத்திய ரயில்வேயின் மெதுவண்டிகளில் சரக்குப் பெட்டி பாதி காலியாகவே போகிறது, அந்த நேரத்துக்கு மட்டும் சைக்கிளுக்கு டிக்கெட் போடுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவம். மழைக்காலத்தில் கப்பல் நேரங்கள் மாறும், கடல் கொந்தளித்தால் நிற்கும். பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு தொப்பி, சில்லறை. முதுகில் பை மாட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள். மாண்ட்வாவில் இறங்கியதும் முதல் வேலையாக, மறுநாள் கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.